இழந்த பிள்ளைக்கு மரியாதை எது?

(விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மேடைகளில் சாதாரணமாகப் பேசப்படுகிற விஷயமல்ல. வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசி, வெளியார் யாராவது திண்ணை ஏறினால் உடனே நிறுத்திவிடுகிற விஷயமாகும். பெற்று வளர்த்த பிள்ளை மனம் நொந்து தன் உயிரைத் தானே போக்கிக்கொண்ட வீடுகள் நம் பக்கத்துக் கிராமங்களில் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட பெற்றோர்கள் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் இக்கூட்டம் கூட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கிறார்கள். யார் யார் என்று நாம் சொல்லப்போவதில்லை. நீங்களும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அவர்கள் நம்மைக் கேட்ட கேள்வி ஒன்றேதான். "எங்கள் பிள்ளைக்கு இனி நாங்கள் செய்யக்கூடியது என்ன?" என்பதே அது.

இந்தக் கேள்விக்குப் புரோகிதனிடம் போனால் பதில் தயாராக இருக்கிறது. திதி என்பான், பரிகாரம் என்பான், ராமேஸ்வரம் போ என்பான். குறிகாரனிடம் போனால், "ஆயுள் முடியாமல் போன உயிர் பேயாக அலைகிறது, கட்ட வேண்டும்" என்பான். ஊராரிடம் போனால், "எல்லாம் தலையெழுத்து, மறந்துவிடு" என்பார்கள். முதல் இருவரும் பணம் கேட்கிறார்கள். மூன்றாமவர்கள் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுகிறார்கள். செத்த பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல மூவருக்கும் தோன்றவில்லை. ஆகவே, இதற்குப் பகுத்தறிவைக் கொண்டு என்ன பதில் சொல்லலாம் என்பதைத்தான் இன்று யோசிக்க வேண்டும்.

தீராத வயிற்றுவலி

முதலாவதாக, நாம் சொல்லிவருகிற ஒரு பொய்யைக் கவனியுங்கள். இப்படி ஒருவர் இறந்துவிட்டால் பத்திரிகையில் என்ன போடுகிறார்கள்? "தீராத வயிற்றுவலி காரணமாக" என்று போடுகிறார்கள். போலீசாரிடம் வீட்டார் அப்படித்தான் எழுதிக்கொடுக்கிறார்கள். நம் நாட்டில் மாத்திரம் இத்தனை பேருக்கு, அதுவும் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளுக்கும் புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கும், இந்தத் தீராத வயிற்றுவலி எங்கிருந்து வந்தது? வயிற்றிலே வலியில்லை, தோழர்களே! வலி மனதிலே. மனதிலே வலி என்று சொன்னால் குடும்பத்துக்கு இழுக்கு, தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயந்துகொண்டு, வலியை வயிற்றுக்கு இறக்கி எழுதிவிடுகிறோம்.

இப்படி மறைப்பதனால் நேருகிற நஷ்டம் என்ன? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தங்கள் உயிரைப் போக்கிக்கொண்டார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். அதாவது, நாளொன்றுக்கு 35 மாணவர்களுக்கு மேல். காலராவிலோ அம்மையிலோ தினம் 35 பிள்ளைகள் போனால் நாம் சும்மா இருப்போமா? தண்டோரா போட்டு, கிணற்றுக்கு மருந்து தெளித்து, ஊசி போட்டு, நாடே அமளிப்படாதா? இந்தச் சாவை மாத்திரம் ஏன் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டும்? பேசாததனால் வந்த வினையே தவிர வேறொன்றுமில்லை.

தலையெழுத்து சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்படுமா?

இது நிற்க, "என்ன பேசி என்ன? விதி முடிந்தவனைத் தடுக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேதாந்தம் பேசி நாம் பதில் சொல்லப்போவதில்லை. கணக்கைக் காட்டியே பதில் சொல்லுகிறோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1995-ல் லட்சம் பேருக்கு 47 பேர் வீதம் இவ்விதம் மாண்டார்கள். உலகத்திலேயே மிக அதிகமான அளவுகளில் அது ஒன்று. அந்நாட்டுச் சர்க்கார் மிகக் கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடுத்துக்கொண்டு வந்து, 1995-லும் 1998-லும் கடுமையான தடைகளைப் போட்டார்கள். 2005-ல் அந்த 47 என்பது 24 ஆகக் குறைந்துபோயிற்று. வயலில் விளைச்சல் குறைந்துவிடவில்லை. மனிதர் சாவது மாத்திரம் பாதியாகக் குறைந்தது.

இப்போது விதிக்காரர்களை நாம் கேட்கிறோம். 1995-ல் 47 பேர் தலையில் எழுதிய பிரம்மா 2005-ல் ஏன் 24 பேர் தலையில் மாத்திரம் எழுதினான்? கொழும்புச் சர்க்காரின் உத்தரவைப் படித்துப் பார்த்துவிட்டுத் தன் எழுத்தைத் திருத்திக்கொண்டானா? ஒரு சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்படுகிற தலையெழுத்து, தலையெழுத்தாகுமா?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரது கூட்டாளிகளும், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில், ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப்பெட்டியும் பூட்டும் சாவியும் கொடுத்து வைக்கச் செய்தார்கள். வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். வீட்டு மூலையில் மாத்திரம் கிடக்காது. விவசாயிகள் இதை ஏற்றுக்கொண்டு உபயோகித்தார்கள். அந்தக் கிராமங்களில் மருந்தினால் வருகிற இந்தக் கேடு குறைந்தது. 2013-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. சோதனை சிறியதுதான். ஆனால் அதன் தத்துவம் பெரியது. அதாவது, சாக வேண்டும் என்கிற எண்ணம் பெரும்பாலும் அலைபோல எழுந்து அடங்குகிறது. அந்த நாழிகையில் கைக்கெட்டுகிற தூரத்தில் விஷம் இல்லாமலிருந்தால், பக்கத்தில் ஒரு மனிதன் இருந்தால், அந்த உயிர் பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு பிள்ளை குட்டி பெற்று, வயதாகித்தான் சாகிறார்கள். ஒரு பூட்டு செய்த வேலையை ஆயிரம் அர்ச்சனை செய்யவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பேயும் சங்கிலியும்

மனம் சோர்ந்துபோவதும் கலங்கிப்போவதும் வியாதி என்பதையே நம்மவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "பேய் பிடித்தது", "செய்வினை" என்று சொல்லிக் கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த விஷயத்தில் எல்லா மதத்துக்காரரும் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள். இதன் பலனை 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந்தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நாடே பார்த்தது. காப்பகம் என்று பேர் வைத்த ஒரு கொட்டகையில் விடியற்காலை தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? வியாதிக்காரராக இருந்ததுதான். வியாதிக்காரனுக்குக் கட்டில் போடுவது வைத்தியம். சங்கிலி போடுவது வைத்தியமாகுமா?

உங்களுக்கு விளங்கும்படியான ஓர் உதாரணம் சொல்லுகிறோம். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். உங்களில் பலர் அங்கே வேலை செய்கிறவர்கள். பச்சைப் பொம்மையைச் சூளையில் வைக்கிறீர்கள். சில பொம்மைகள் உள்ளேயே வெடித்துவிடுகின்றன. அப்போது என்ன செய்கிறீர்கள்? "இந்தப் பொம்மையின் பூர்வஜன்ம பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை வைக்கிறீர்களா? இல்லையே! மண்ணில் ஈரம் நின்றுவிட்டதா, சூட்டைச் சட்டென்று ஏற்றிவிட்டோமா, காற்றுக் குமிழி இருந்ததா என்று பார்க்கிறீர்கள். அடுத்த சூளையில் அதைத் திருத்திக்கொள்ளுகிறீர்கள். சந்தையில் விற்கிற மண்பொம்மைக்குக் காட்டுகிற இந்தப் புத்தியைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டக்கூடாதா? ஈரம் உலராத மண்ணின்மேல் சூட்டை ஏற்றுவதுபோல, பரீட்சை என்றும் ஜாதி என்றும் மானம் என்றும் கடன் என்றும் பிஞ்சு மனதின்மேல் சூட்டை ஏற்றிவிட்டு, வெடித்த பிறகு "கோழை" என்று பேர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிருக்கிற தாய் தகப்பன்மார் யாரும், "அப்படியானால் நாம்தானே சூட்டை ஏற்றினோம்" என்று தங்கள் மார்பில் அடித்துக்கொள்ள வேண்டாம். இப்படிப்பட்ட சாவுக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. வியாதியும், வெளியில் சொல்லாத துக்கமும், சுற்றியிருக்கிற சமுதாயமும், அந்த ஒரு நாழிகையும் எல்லாம் சேர்ந்தே செய்கிறது. ஒரு திட்டினாலோ ஓர் அறையினாலோ மாத்திரம் பிள்ளைகள் சாவதானால் நம் நாட்டில் ஒரு பிள்ளையும் மிஞ்சியிராது. தெரியாமலிருந்தது குற்றமல்ல. தெரிந்த பிறகும் சும்மா இருப்பதுதான் குற்றம்.

கொலை என்னும் பட்டம்

நம் பாஷையிலேயே பாருங்கள்: "தற்கொலை" என்கிறோம். அதிலே "கொலை" இருக்கிறது. கொலை என்றால் குற்றவாளி வேண்டுமல்லவா? அதனால் வெள்ளைக்காரன் 1860-ல் செய்த தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, சாக முயன்று பிழைத்தவனை ஜெயிலுக்கு அனுப்பலாம் என்றது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே மாதம் அமலுக்கு வந்த பிறகுதான், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அவருக்கு வைத்தியம் கொடுப்பது சர்க்காரின் கடமை என்று ஆயிற்று. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. அரசாங்க ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காக அப்படி முயல்வதை மாத்திரமே அது குற்றமாக வைத்திருக்கிறது. சட்டம் மாறிவிட்டது. ஊர் வாய் மாத்திரம் இன்னும் 1860-லேயே இருக்கிறது.

ஒரு பெண்ணின் சாவில் பிறந்த டெலிபோன்

இனி, இழந்த குழந்தைக்கு மரியாதை செய்வது எப்படி என்பதற்கு உலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 1935-ல் இங்கிலாந்தில் லிங்கன் என்னும் ஊரில் 14 வயதுப் பெண் ஒருத்தி உயிரைப் போக்கிக்கொண்டாள். காரணம் என்ன தெரியுமா? அவளுக்கு முதல் தீட்டு வந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. தனக்கு வெட்கக்கேடான வியாதி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால், இரண்டு வார்த்தையில் தீர்ந்திருக்கும் பயம் அது!

அவளை அடக்கம் செய்தவர் சாட் வாரா என்னும் இளம் பாதிரியார். அவர் அந்தச் சாவை மறக்கவில்லை. 1953-ல் லண்டனில், தன் மாதாகோயிலில் ஒரு டெலிபோனை வைத்து, "சாக நினைப்பவர்கள் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று விளம்பரம் செய்தார். அவர் பாதிரியாயிற்றே என்று கேட்பீர்கள். பாதிரிதான், ஆனால் பிரார்த்தனை போதும் என்று இருந்துவிடாமல் டெலிபோன் போட்டாரே, அதைத்தான் நாம் மெச்சுகிறோம். அங்கே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிவிட்டே பலர் மனம் தேறிப் பாதிரியாரைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரிய உபதேசம் தேவையில்லை, குறுக்கே பேசாமல் கேட்கிற காது போதும் என்பது அதிலிருந்து தெரிந்தது. சமாரித்தன் சங்கம் வளர்ந்தது அப்படித்தான். அதே வழியில் 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் "சினேகா"வை ஆரம்பித்தார். பேர் தெரியாத ஒரு 14 வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சமாதி யார் கட்ட முடியும்?

குழுமூரிலிருந்து ஒரு பாடம்

நமக்குப் பக்கத்திலேயே வருவோம். வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர் ஜில்லா. அதில் செந்துறைப் பக்கத்துக் குழுமூர் அனிதாவை உங்களுக்குத் தெரியும். மூட்டை தூக்கிப் பிழைத்த தகப்பனாரின் மகள். 2017-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மார்க்கு வாங்கியவர். டாக்டர் படிப்புக்கு "நீட்" என்னும் தடையை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரையில் போனவர். அவ்வருஷம் செப்டம்பர் முதல் தேதி அவரை இழந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, அவருடைய குடும்பத்தார் குழுமூரில் அவர் பேரால் நூலகம் அமைத்தார்கள். நடிகர் விஜய் சேதுபதி, விளம்பரத்தில் நடித்துப் பெற்ற பணத்திலிருந்து ஏறக்குறைய 50 லட்சம் ரூபாயை அனிதாவின் நினைவாக அரியலூர் ஜில்லா அங்கன்வாடிகளுக்கும், பார்வையில்லாத, காது கேளாத பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் கொடுப்பதாக 2017 நவம்பரில் அறிவித்தார். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் பேர் வைக்கப்பட்டது. இவையெல்லாம் உயிரோடிருக்கிற பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படுகிற மரியாதைகள்.

மற்றொரு விதம் உண்டு. "உயிரைத் தந்தார், தியாகம் செய்தார்" என்று மேடையில் முழங்குவது. இது நம்மவர்களிடத்திலும் இருக்கிறது. ஆதலால் தாட்சண்யமில்லாமல் சொல்லுகிறோம்: பிள்ளைகளின் சாவைத் தியாகம் என்று புகழ்வது கூடவே கூடாது. அநியாயமான பரீட்சையை எதிர்ப்பது நம் கடமை. அதை நாம் செய்யவேண்டும், பிள்ளையின் பிணம் செய்யக்கூடாது. கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தப் புகழ்ச்சியைக் கேட்கிற இன்னொரு பெண், "செத்தால்தான் நம் சொல் ஏறும்" என்று எண்ணிவிட்டால் அந்தப் பழி யாருக்கு? அனிதா உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் எத்தனை பேருக்கு ஊசி போட்டு, எத்தனை பிரசவம் பார்த்திருப்பார்! எதிர்ப்பதற்கு உயிரோடிருக்கிற ஆள்தான் வேண்டும். பரீட்சையில் தவறியவர்கள் ஒரு வருஷம் வீணாகாமல், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்னும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததே, அது உயிரோடிருந்தவர்கள் வற்புறுத்தி வாங்கியதுதான்.

சிரிப்பதில் துரோகமில்லை

கடைசியாக, பெற்றவர்களைப் பற்றி. பிள்ளையை இழந்த வீட்டில் ஒரு வருஷம் பொங்கலில்லை, தீபாவளியில்லை. தாய் பூ வைத்தால் குற்றம், நல்ல புடவை கட்டினால் குற்றம், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டால், "எப்படித்தான் மனசு வருகிறதோ" என்று கேட்க நான்கு பேர் இருக்கிறார்கள். துக்கத்துக்குக் கூட ஊரார் அளவுகோல் வைத்துவிட்டார்கள்! தாய் சிரித்தால் பிள்ளையை மறந்ததாக அர்த்தமா? அவள் தினம் அழுதால்தான் அன்பு என்று எந்தச் சட்டம் சொல்லுகிறது?

அந்தப் பிள்ளைக்கு என்ன பிடித்திருந்தது என்று யோசியுங்கள். முந்திரிப்பழக் காலத்தில் தோப்பைச் சுற்றுவதா? வேகவைத்த நிலக்கடலையா? வெள்ளாற்று மணலில் பந்து உதைப்பதா? பழைய சினிமாப் பாட்டா? அதைச் செய்யுங்கள். செத்த தேதியில் இருட்டில் உட்கார்ந்திருப்பதைவிட, பிறந்த தேதியில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிக் கடலை வேகவைத்துக் கொடுங்கள், புத்தகம் கொடுங்கள், பம்பரமும் பந்தும் கொடுங்கள். திதிக்குச் செலவிடுகிற பணத்தில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு நாள் சந்தோஷம் கொடுக்கலாம். அந்தச் சமயத்தில் உங்கள் பிள்ளையின் பேரை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊரார் சொல்லக் கூசுகிற பேரை, பிள்ளைகள் சந்தோஷத்தோடு சொல்லட்டும். இது துக்கத்தைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. துக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார ஓர் இடம் கொடுக்கும் என்றுதான் சொல்லுகிறோம். உங்களுக்கே தூக்கமும் பசியும் போய், மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமலிருந்தால், அதுவும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டிய வியாதிதான். வெட்கப்பட வேண்டாம்.

நாளை முதல் செய்யவேண்டியது

தோழர்களே! கை தட்டிவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் இங்கே வரவில்லை. நாளை முதல் செய்யக்கூடியவைகளைச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.

வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். முடிந்தால் ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பூட்டி வையுங்கள்.

பிள்ளை பேச்சைக் குறைத்து ஒதுங்கினாலும், சாப்பாடும் தூக்கமும் கெட்டாலும், ஆசையாக வைத்திருந்த சாமானைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலும், "நான் உங்களுக்குப் பாரம்" என்று சொன்னாலும் கவனியுங்கள். "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. கேட்டதனால் பாரம் இறங்கியவர்களே அதிகம். பதில் "ஆம்" என்றால் திட்டாதீர்கள், உபதேசம் செய்யாதீர்கள், தனியே விடாதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மனநல வைத்தியம் மாவட்டந்தோறும் உண்டு. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். ராத்திரி 12 மணியானாலும் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபர் முதல் நாடு முழுவதுக்கும் உள்ள இலவச எண் அது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104-ஐயும், சென்னை சினேகாவை 044-24640050 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இந்த எண்களைப் பள்ளிக்கூடச் சுவரிலும் டீக்கடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

துக்கம் நேர்ந்த வீட்டுக்குப் பதினாறாம் நாளோடு போக்குவரத்தை நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் மாதமும் போங்கள், மூன்றாம் வருஷமும் போங்கள். அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லிப் பேசுங்கள்.

பெற்றோர்களே! நீங்கள் கேட்ட கேள்விக்கு நமக்குத் தெரிந்த பதில் இதுதான். போன பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் போய்ச் சேராது. ஆனால் உங்கள் பிள்ளையின் பேரால் இவ்வூரில் ஒரு பிள்ளை, "எனக்கு மனசு சரியில்லை" என்று கூச்சமில்லாமல் சொல்லி, அதை ஒரு பெரியவர் உட்கார்ந்து கேட்டால், அதுவே உங்கள் பிள்ளைக்குச் செய்த மரியாதை. அதைச் செய்ய வேண்டியது நீங்கள் மாத்திரமல்ல, இவ்வூரே என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.